குடிக்காதவள் ஓட்டுகிற வண்டி

டெலிகா வேனின் பக்கவாட்டில் "நீங்கள் குடியுங்கள், நாங்கள் ஓட்டுகிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தது ஜும்பர்தான். பெருந்தன்மையாக 'நாங்கள்' என்று எழுதிக்கொண்டானே தவிர, ஓட்டுகிறது என்னவோ அவன் பெண்டாட்டி லமாரா ஒருத்திதான். அவனுடைய லைசென்ஸைப் போலீஸ்காரர்கள் இரண்டு தரம் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் தரம் பிடுங்கியபோது கொடுக்க மனசு வராமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் லமாரா நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆக, இந்தத் தொழிலில் வேலைப் பங்கீடு சுலபம். அவள் ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது, அவன் குடித்தே ஆக வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, விருந்தாளிகள் வருவது ஜும்பருக்காகத்தான். திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டக் கஹேதிப் பள்ளத்தாக்கில் வண்டிக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த வாயோடு விருந்து மேஜையில் தமாதாவாக உட்காருகிறவன் அவன் ஒருத்தன்தான். தமாதா சொல்லாமல் மேஜையில் ஒருத்தரும் கோப்பையைத் தொடக் கூடாது. சமாதானத்துக்கு, விருந்தாளிக்கு, பெற்றவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அவன் எழுந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். சொன்னவன் அடிமண்டி தெரிகிறவரை குடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஜும்பர் வாழ்த்துச் சொன்னால் புரியாதவர்கள்கூட அழுவார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் இணையத்தில் பக்கம் பக்கமாக அவனைப் பற்றி எழுதுவார்கள். கடைசியில் ஒரு வரி, வண்டி ஓட்டிய அம்மாள் ஜாக்கிரதையாக ஓட்டினார் என்று இருக்கும்.

ஒன்பது நாளைக்கு முன்னால் தெலாவி ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில், டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே ஜும்பர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"எதுவா இருந்தாலும் இவகிட்ட சொல்லுங்க டாக்டர். கீழ விருந்தாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

கீழே ஒரு விருந்தாளியும் இல்லை. அன்றைக்குப் பயணமே கிடையாது. பயந்தாங்கொள்ளி. மேஜை முன்னால் நின்றால் சிங்கம், டாக்டர் முன்னால் நின்றால் எலி.

டாக்டர் அவன் போனதும் கதவைச் சாத்தினார். "ஈரல் கல்லாகிக்கிட்டு வருதும்மா. இன்னியோட நிறுத்திட்டா இன்னும் பல வருஷம் இருப்பார். இல்லன்னா அடுத்த அறுவடைய அவர் பாக்கமாட்டார். குறைச்சுக்கலாம், பண்டிகைக்கு மட்டும்னு பேச்சே வேண்டாம். ஒரு சொட்டு கூடாது."

கீழே ஜும்பர் வண்டியில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்தபடி நின்றான். "என்ன சொன்னார்?" என்று மலையிடம் கேட்டான்.

லமாராவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவன் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளத்ததைப் பார்த்தாள். "உப்பைக் குறைக்கச் சொன்னார்" என்றாள்.

"அவ்வளவுதானே" என்று அவன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.

 அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவள்தான் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு ஆறு போலந்துக்காரர்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் கொரியாவிலிருந்து ஒரு குடும்பம். அறுவடைக் காலம், ஒரு நாளும் வண்டி நிற்கவில்லை. அவள் ஓட்டினாள், அவன் குடித்தான். ஒன்பது நாளும் ராத்திரி அவன் தூங்கின பிறகு சமையல்கட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், காலையில் எழுந்து டீசல் போட்டாள்.

பத்தாம் நாள் அயர்லாந்துக்காரர்கள் நாலு பேர். இரண்டு தம்பதிகள். அதில் மேவ் என்கிற செம்பட்டை முடிக்காரி மட்டும் காலையில் கைகொடுத்தபோது லமாராவின் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காலையில் ஏதெரி வீடு, நடுப்பகலில் பெரிய ஒயின் ஆலை, சாப்பாட்டுக்கு நோதர் வீடு, பொழுது சாய்வதற்குள் தலைநகர் திபிலிசியில் அவர்கள் ஓட்டல். மறுநாள் விடிகாலை அவர்களுக்கு விமானம்.

லமாரா முந்தின நாளே ஏதெரிக்குப் போன் போட்டிருந்தாள். சப்பரவித் திராட்சைக்குச் சதையே சிவப்பு. காலையில் பிழிந்த சாறும் மூன்று வருஷத்து ஒயினும் கண்ணுக்கு ஒரே நிறம்தான். தனியாக ஒரு கூஜாவில் சாறு ஊற்றி வைத்து, ஜும்பருக்கு மட்டும் அதிலிருந்து ஊற்று என்று கேட்டுக்கொண்டாள்.

ஏதெரி கணவன் போன பிறகு தனியாளாகத் தோட்டத்தைப் பார்க்கிறவள். எதற்கும் அசரமாட்டாள். அவளே சமையல்கட்டில் லமாராவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அடி, என்னடி கூத்து இது? தமாதாவுக்கு ஜூஸா?"

"மருந்து சாப்பிடுறான். ஒரு வாரத்துக்குக் குடிக்கக் கூடாது."

"அத அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேக்குற ஆளா அவன்?"

"தெரிஞ்சுதுன்னா, என்னைக் கொன்னே போட்டுருவான்."

"என்னைக் கொன்னுட்டுத்தான் உங்கிட்ட வருவான், பயப்படாத."

ஏதெரி கூஜாவை எடுத்துக்கொண்டு போனாள். லமாரா கதவோரம் நின்று பார்த்தாள். ஜும்பர் எழுந்து, அயர்லாந்துக்காரர்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, சமாதானத்துக்கு வாழ்த்துச் சொன்னான். கோப்பையை வாயில் வைத்தான். ஒரு மடக்கு உள்ளே போனதும் அவன் தொண்டை ஒரு கணம் நின்றது. லமாரா கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் மிச்சத்தையும் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான்.

"இந்த வருஷம் சப்பரவி நல்லா வந்திருக்கு ஏதெரி" என்றான்.

ஏதெரி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

நாலு வாழ்த்து, நாலு கோப்பைச் சாறு. ஜும்பருக்கு முகம் சிவந்தது, குரல் தழுதழுத்தது, மூன்றாவது வாழ்த்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு பாடவும் பாடினான். குடிக்காமலே ஒருத்தனுக்கு இவ்வளவு ஏறுமா? வண்டியைக் கிளப்பும்போது லமாராவுக்கு ஒன்பது நாளில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூஜா, அவ்வளவுதானே விஷயம்? அவனுக்கும் தெரிய வேண்டாம், ஊருக்கும் தெரிய வேண்டாம். அடுத்த திருப்பத்திலேயே அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. பிழிந்த சாறு இரண்டே நாளில் தானாக நுரைத்துக்கொண்டு ஒயினாகிற ஊர் இது. அறுவடை முடிந்தால் சாற்றுக்கு எங்கே போவாள்?

பெரிய ஆலையில் கூஜா வேலை நடக்காது. அங்கே சீருடை போட்ட பெண்கள் புட்டியிலிருந்து அளந்து ஊற்றுவார்கள். வந்தவர்கள் முகர்ந்து, வாயில் உருட்டி, பக்கத்தில் இருக்கிற வாளியில் துப்புவார்கள். ஜும்பருக்கு அந்த வாளியைக் கண்டால் ஆகாது. அவர்கள் துப்புகிறதற்கும் சேர்த்து அவன் விழுங்குவான். என்ன செய்வது என்று லமாராவுக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லோரும் இறங்கி உள்ளே போகத் திரும்பியபோது அவள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். வால்வு மூடியைக் கழற்றிச் சாவி முனையால் அழுத்திப் பிடித்தாள். காற்று சீறிக்கொண்டு போயிற்று.

"ஜும்பர், டயர் இறங்கிருச்சு. வந்து மாத்து."

"நீயேதானே எப்பவும் மாத்துவ?"

"கை வலிக்குது."

விருந்தாளிகள் உள்ளே போனார்கள். ஜும்பர் கோட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். வயிறு முட்டியது. கை கால் எல்லாம் குச்சியாகப் போய், வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தது. காலுறை இறுக்கிய இடத்தில் கணுக்காலில் விரல் ஆழத்துக்குப் பள்ளம். இரண்டு நட்டு கழற்றுவதற்குள் மேல்மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது வெயில் நேராக அவன் கண்ணில் விழுந்தது, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. வீட்டு வெளிச்சத்தில் அது இவ்வளவு தெரிந்ததில்லை. இந்த மனுஷனையா டயர் மாற்ற வைத்தோம் என்று லமாரா அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

"தள்ளு, நான் பண்றேன்."

"கை வலிக்குதுன்ன?"

"இப்ப வலிக்கல."

அவன் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். அவள் சக்கரத்தை மாட்டி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தரையில் கிடந்த வால்வு மூடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "தானா கழண்டு விழுந்திருக்கு போல" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

நோதரின் வீட்டுக்குப் போகிறபோது மணி மூன்று. நோதரும் ஜும்பரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நோதரின் அப்பா வசந்த காலத்தில் தவறிப்போனார், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கிற முதல் அறுவடை இது. முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நீள மேஜை. அக்ரூட் பருப்பு வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி, கொத்தமல்லி, நீள நீள ரொட்டி எல்லாம் ஏற்கெனவே பரப்பியாயிற்று. பக்கத்தில் திராட்சைக் குச்சித் தணலில் பன்றி இறைச்சி சொட்டிக்கொண்டிருந்தது.

லமாரா நேராக நிலவறைக்குப் போனாள். நோதர் முழங்காலில் உட்கார்ந்து, மண்ணில் புதைத்த ஒயின் தாழியின் மூடியைச் சுற்றி இருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நோதர் அண்ணே, போன்ல ஜூஸ் பத்திச் சொன்னேனே."

"சொன்னே. சரின்னேன். போனை வெச்ச பிறகு யோசிச்சுப் பாத்தேன், முடியாது." நோதர் கையைத் துடைத்துக்கொண்டான். "இது எங்கப்பா கடைசியா மூடின தாழி, தங்கச்சி. அவர் பேரைச் சொல்லித் திறக்கிறேன். என் சிநேகிதன் தமாதா. அவன் கையில ஜூஸைக் கொடுத்து எங்கப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்றியா? பகையாளிக்குத்தான் நாம பீர்ல வாழ்த்துச் சொல்லுவோம். ஜூஸ்ல சொன்னா அது யாருக்கு?"

"மருந்து சாப்பிடுறான் அண்ணே."

"இதவிட மருந்து எது?"

உண்மையைச் சொல்லியிருந்தால் நோதர் அந்தத் தாழியை அப்போதே மறுபடி மூடியிருப்பான். அது லமாராவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நோதருக்குச் சொன்னால் சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கச் சொன்ன மாதிரி. புருஷனுக்குச் சொல்லாததை ஊருக்குச் சொல்கிறவள் என்ன பெண்டாட்டி? அவள் வாயை மூடிக்கொண்டாள். நோதர் சுரைக்குடுவையை உள்ளே விட்டு முதல் ஒயினை மொண்டான்.

பிறகு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேஜையின் கடைசியில் தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ஜும்பர் நிஜமான ஒயினைக் குடித்தான். சமாதானத்துக்கு ஒன்று. மண்ணுக்கு ஒன்று. அயர்லாந்துக்கு ஒன்று, அதற்கு அவர்கள் நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெற்றவர்களுக்கான வாழ்த்துக்கு நோதர் கொம்புக் குவளையை எடுத்து வந்து கொடுத்தான். கொம்பைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் சாய்ந்துவிடும். குடித்தே தீர வேண்டும். ஜும்பர் குடித்தான். காலையில் ஜூஸைக் குடித்துவிட்டு முகம் சிவந்தானே, இப்போது அந்தச் சிவப்பு இல்லை. காகிதமாக வெளுத்திருந்தான்.

இறைச்சித் தட்டோடு அவள் அவனுக்குப் பின்னால் வந்தபோது, தலையைத் திருப்பாமலே மெதுவாகச் சொன்னான்: "காலைல ஜூஸ் நல்லா இருந்துச்சு."

அவள் தட்டோடு குனிந்தாள். "தெரியுமா உனக்கு?"

"ஒயினுக்கும் ஜூஸுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இந்த ஊர்ல வளந்தேனா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ கதவுகிட்ட நின்ன நிலையப் பாத்தேன். பொழச்சுப் போகட்டும்னு விட்டேன்." ஒரு துண்டு இறைச்சியை எடுத்துக்கொண்டான். "உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கான்."

லமாரா தட்டை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.  அவனுக்குத் தெரியும். ஜூஸ் தெரியும், டயர் தெரியும், உப்பும் தெரியும். அவள் எதை மறைக்கிறாள் என்று கேட்கவில்லையே தவிர, எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்துகொண்டே ஒன்பது நாளும் குடித்திருக்கிறான். இவன் கேட்கமாட்டான், அவள் சொல்லமாட்டாள், நடுவில் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது. யார் இவனை ஒன்பது நாளும் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போனது?

ஜும்பர் எழுந்தான். இறந்தவர்களுக்கான வாழ்த்து. ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள், அயர்லாந்துக்காரர்களும் பார்த்துவிட்டு எழுந்தார்கள். ஜும்பர் நோதரின் அப்பாவைப் பற்றிப் பேசினான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டு பேர் பையிலும் திராட்சையை அள்ளிப் போடுவாராம், நோட்டுப் புத்தகம் எல்லாம் சிவப்பாகிவிடுமாம். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னான். போனவர் பங்காகக் கோப்பையிலிருந்து கொஞ்சம் ரொட்டித் துண்டின் மேல் ஊற்றினான். நோதர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அலவெர்தி" என்றான் ஜும்பர். வாழ்த்தை இன்னொருத்தர் கையில் கொடுக்கிற வார்த்தை அது. வாங்குகிறவர் அதே விஷயத்தைப் பற்றித் தன் பங்குக்குப் பேசிக் குடிக்க வேண்டும், பேசுகிறவரை யாரும் குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. அவன் கை நோதர் பக்கம் நீண்டது.

"எனக்குக் கொடு" என்றாள் லமாரா.

மேஜை திரும்பிப் பார்த்தது. வண்டி ஓட்டுகிறவள் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் வாழ்த்தைக் கேட்டு வாங்குகிறவரைத் தமாதா மறுக்க முடியாது. ஜும்பர் தலையசைத்தான். லமாரா தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுக் கோப்பையில் ஒயினை ஊற்றிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு இவனை மாதிரிப் பேச வராது. நோதர் அண்ணே, உங்கப்பா போறதுக்கு முன்னால உங்ககிட்ட யாரும் தேதி சொல்லல. எங்கிட்ட சொல்லிட்டாங்க. பத்து நாளா அத வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறேன்." அவள் ஜும்பரைப் பார்த்தாள். "டாக்டர் உப்பைப் பத்திப் பேசவே இல்ல. உன் ஈரல் போச்சுன்னார். இன்னிக்கே நிறுத்தினா இருப்பியாம். நிறுத்தலன்னா அடுத்த அறுவடைக்கு இதே மேஜைல உன் பேரைச் சொல்லி நோதர் அண்ணன் ரொட்டில ஊத்துவாரு. நான்தான் பொய் சொன்னேன். சொன்னா நீ உடைஞ்சு போயிருவேன்னு பயந்துட்டேன். நான் குடிக்காம ஓட்டுறதாலதான் நீ ஓட்டாம குடிக்கிற. உன்னை ஒவ்வொரு வீடா இறக்கிவிட்டுக் கொன்னது நான்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

நோதர் முகத்தில் ரத்தம் இல்லை. தணலில் கொழுப்பு சொட்டுகிற சத்தம் கேட்டது.

அயர்லாந்துக்காரர்கள் புன்சிரிப்போடு காத்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று, குரல் நடுங்க, இவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். அழகாக ஏதோ சொல்லியிருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். மேவ் ஜும்பரைப் பார்த்து ஏதோ கேட்டாள். என்ன சொன்னாள் என்றுதான் கேட்டிருப்பாள். லமாராவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் டாக்டர் என்றால் எல்லா ஊரிலும் டாக்டர்தான். அவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

ஜும்பர் சிரித்தான். தமாதாவின் சிரிப்பு. ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னான், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான், வானத்தைக் காட்டினான். டாக்டர் என்கிற சொல் வரவில்லை. கடைசியில் அயர்லாந்துக்காரர்கள் நெகிழ்ந்துபோய்க் கோப்பையைத் தூக்கினார்கள், மேவின் புருஷன் லமாராவைப் பார்த்துத் தலை வணங்கினான். ஜும்பர் தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்துக் காட்டினான்.

நோதர் குடிக்கவில்லை. "ஜும்பர், என்னடா இது?" என்றான்.

"பொம்பளப் பேச்சு. உக்காரு."

லமாரா தன் கோப்பையைக் குடித்தாள். வண்டி ஓட்ட ஆரம்பித்து எட்டு வருஷத்தில் முதல் ஒயின். புளிப்பும் துவர்ப்புமாகத் தொண்டையைப் பிடித்தது. கவிழ்த்துக் காட்டினாள். பிறகு கூஜாவை எடுத்து அவன் கோப்பையை நிரப்பினாள், தன் கோப்பையையும் நிரப்பினாள்.

"என்ன பண்ற?" என்றான் ஜும்பர்.

"நீ ஒண்ணு குடிச்சா நான் ஒண்ணு. இங்க மட்டும் இல்ல, வீட்ல, ஏதெரி வீட்ல, எங்க குடிச்சாலும். இறந்தவங்க பேரைச் சொல்லி ஒயினைத் தொட்டுச் சொல்றேன், மாத்தமாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இவங்களை யாரு திபிலிசிக்குக் கொண்டுபோறது?"

"தெரியாது."

"காலைல அவங்களுக்குப் பிளேன்."

"குடிக்கிறதா இருந்தா குடி. எனக்கும் ஊத்தியாச்சு."

அயர்லாந்துக்காரர்களுக்கு இது புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிற ஏதோ விளையாட்டு என்று பட்டது. ஒருத்தர் கைதட்டினார், மேவ் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். ஜும்பர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். கோப்பையை எடுத்துக் குடித்தான். பாதி வாயிலிருந்து வழிந்தது. லமாரா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மறுபடி இரண்டையும் நிரப்பினாள். அவளுக்கு அதற்குள் காது அடைத்தது, மேஜை லேசாகச் சாய்ந்தது. பயமும் ஒரு பக்கம் பிடுங்கியது. ஆனாலும் கை கோப்பையை எடுத்தது.

மூன்றாவதை அவள் வாய்க்குக் கொண்டுபோகும்போது ஜும்பர் இடது கையை நீட்டி அவள் கோப்பையை மூடினான்.  "போதும் லமாரா. நீ குடிக்காத."

வலது கையில் அவன் கோப்பை நிரம்பியபடியே இருந்தது.

லமாரா இரண்டு கையையும் பார்த்தாள். அவளுக்கு அழுகை பீறிட்டது, அடக்கிக்கொள்ளவும் இல்லை. "என் கோப்பையை மூடத் தெரியுது. உன்னுத மூடத் தெரியலயா உனக்கு? நீ செத்தா எனக்கு யாருடா இருக்கா?"

மேவ் போனைக் கீழே வைத்துவிட்டாள். இது விளையாட்டில்லை என்று அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மெதுவாக ஜும்பரிடம் மறுபடி அதையே கேட்டாள்.

 இந்தத் தடவை ஜும்பர் சொன்னான். தமாதாவின் குரல் இல்லை, வாத்தியார் குரலும் இல்லை. மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டு, நாலைந்து சொல் சொன்னான். அதில் டாக்டர் இருந்தது.

அயர்லாந்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மேவ் எழுந்து வந்து லமாராவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நோதர் மேஜையைச் சுற்றி வந்து ஜும்பரின் வலது கையிலிருந்த கோப்பையை வாங்கினான். வாங்குவதற்குக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.